ஏர் டூல்களை மாட்டி வைக்க ஒரு பிளைவுட் பலகை

கம்ப்ரஸர் தரும் அழுத்தக் காற்றால் ஓடும் கருவிதான் ஏர் டூல். அதற்குப் பெரிய எதிரி ஈரம். கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரப்பதம் தண்ணீராகி, ஹோஸ் வழியாக டூலுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. உள்ளே இருப்பதோ இரும்பு. வேலை முடிந்த கையோடு பெட்டியில் போட்டு மூடிவிட்டு மாதக்கணக்கில் மறந்தால், அப்புறம் டிரிக்கரை அழுத்தும்போது காற்று சீறுமே தவிர உள்ளே சுழல வேண்டிய ரோட்டர் அசையாது. ஆகவே பலகை அடிப்பதற்கு முன்னால் எண்ணெய்.

ஏர் டூலுக்கென்றே விற்கும் எண்ணெயை, காற்று நுழையும் துளையில் நாலைந்து சொட்டு விடுங்கள். மறுபடி ஹோஸை மாட்டிச் சில விநாடி ஓட்டுங்கள். காற்று வெளியேறும் வாயில் ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டால் முகத்தில் எண்ணெய் தெறிக்காது. பிறகு காற்றை அடைத்து, டிரிக்கரை ஒருமுறை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று கெட்டியான இன்ஜின் ஆயில் வேண்டாம், அது உள்ளே பிசுபிசுத்துக்கொள்ளும். பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னுக்கு இந்த எண்ணெய் வேலையே கூடாது. ஒரு துளி கலந்தாலும் பெயின்ட் பரப்பில் குழி குழியாக விழும், அதனால் அதைக் கழுவித் தனியாகவே வையுங்கள்.

சரி, பலகைக்கு வருவோம். 18 மி.மீ. பிளைவுட், 20 செ.மீ. அகலம் போதும். நீளத்தை முதலிலேயே முடிவு செய்யாமல், எல்லா டூல்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி விட்டு அளந்துகொள்ளுங்கள். நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச் மாதிரிக் கனமானவை, பலகையைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டுக்கு நேர் மேலே வரட்டும்.

துப்பாக்கி வடிவ டூல்கள் பலகைமேல் உட்கார வேண்டும், கைப்பிடி மட்டும் கீழே தொங்க வேண்டும். கைப்பிடியின் தடிமனை அளந்து 5 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவு ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பம்) பலகையின் நடுவில் ஒரு துளை, அதன் இரு பக்கத்திலிருந்தும் முன் விளிம்புவரை இரண்டு நேர் வெட்டு, அவ்வளவுதான். ராட்செட், டை கிரைண்டர் போன்ற நீளமானவற்றுக்கு வெறும் துளையே போதும், தலை மேலே தங்கிக்கொள்ளும். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

சுவரில் மாட்டும்போது பலகை பின்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் யாராவது கதவைச் சாத்தும் அதிர்விலேயே டூல் முன்னால் நழுவி வரும். செங்கல் சுவரானால் ஆங்கர் பிளக் (திருகு பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளையில் செருகும் உறை) போட்டுத்தான் திருக வேண்டும், எல்லா டூல்களும் சேர்ந்தால் நல்ல கனம்.

தொங்கும் டூலிலிருந்து எண்ணெய் சொட்டத்தான் செய்யும். அடியில் ஒரு தகரத் தட்டு, அதில் ஒரு துணி. காற்று நுழையும் துளைக்கு ஒரு ரப்பர் மூடி போட்டால் தூசும் போகாது.

ஹோஸை ஆணியில் மாட்டாதீர்கள், மடங்கிய இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். பழைய வாளி ஒன்றின் அடிப்பக்கத்தைச் சுவரில் திருகி அதன்மேல் சுற்றினால் அகலமான வளைவு கிடைக்கும். அங்கிருந்து கிளம்பும் முன் கம்ப்ரஸர் டேங்கின் அடியிலுள்ள வால்வை மெல்லத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.