165 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எந்த கேபிள்? பலரும் செய்யும் தவறுகள்

கேமிங் மானிட்டர் வாங்குகிறவர்கள் திரையின் அளவையும் விலையையும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெட்டி வீட்டுக்கு வந்ததும் கைக்கு அகப்பட்ட கேபிளைச் செருகிவிடுகிறார்கள். இணைப்பில் தவறு நேர்ந்தாலும் படம் தெரியத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்கிய வேகம் மட்டும் கிடைக்காமல் போகும். அதனாலேயே இந்தத் தவறுகள் மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை.

என் கதையும் அதுதான். 2560-க்கு 1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) கொண்ட 27 அங்குல மானிட்டரை வாங்கி, பழைய திரைக்குப் பயன்படுத்திய எச்டிஎம்ஐ கேபிளையே அதிலும் செருகி, மூன்று மாதம் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மவுஸை வேகமாக வட்டமாகச் சுழற்றியபோது அம்புக்குறி தொடர்ச்சியாக நகராமல், இடைவெளி விட்டுப் பதித்த புள்ளிகளைப் போலத் தெரிந்தது. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய்ப் பார்த்தால், ரெஃப்ரெஷ் ரேட் எனப்படும் அந்தப் புதுப்பிக்கும் வேகம் 60-இல் நின்றிருந்தது. புதிய மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் தானாகவே உச்ச வேகத்தைத் தேர்ந்தெடுத்துவிடும் என்று நம்பியது என் முதல் தவறு. பட்டியலைத் திறந்தபோது இரண்டாவது தவறும் தெரிந்தது: அதில் 144 வரைதான் இருந்தது, 165 என்ற எண்ணே இல்லை.

காரணம் எளிய பெருக்கல் கணக்கு. 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 36.9 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 24 பிட், விநாடிக்கு 165 முறை என்றால் 14.6 கிகாபிட் ஆகிறது. நான் பயன்படுத்திய எச்டிஎம்ஐ 2.0 இணைப்பின் வேகம் விநாடிக்கு 18 கிகாபிட் என்று போட்டிருந்தாலும், ஒவ்வொரு 8 பிட் தகவலும் 10 பிட்டாக மாற்றப்பட்டே கேபிளில் செல்வதால், படத்துக்கு உண்மையில் மிஞ்சுவது 14.4 கிகாபிட் மட்டுமே. 165 அதற்குள் அடங்காது, 12.7 கிகாபிட் கேட்கும் 144 அடங்கிவிடும். அதே மானிட்டரின் பின்புறத்தில் இருந்த இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இலோ இதே முறையில் கழித்த பிறகும் 25.9 கிகாபிட் இருக்கிறது. கேபிளை மாற்றி, வேகத்தைத் தேர்ந்தெடுத்தேன்; அவ்வளவுதான் வைத்தியம். ஆகவே கடைக்குப் போகுமுன் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. 1920-க்கு 1080 பிக்சலில் 144 ஹெர்ட்ஸ் என்றால் 7.2 கிகாபிட்தான் என்பதால் எச்டிஎம்ஐ 2.0-ஏ தாராளம். 4கே-யில் (3840-க்கு 2160 பிக்சல்) 144 ஹெர்ட்ஸ் என்றால் 28.7 கிகாபிட், அதை டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கூடப் படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி முறையின் துணையோடுதான் கடத்தும்.

வேகம் சரியாக இருந்தாலும் போர்ட்டின், அதாவது கேபிள் செருகும் துளையின், தேர்வு வேறொரு வசதியைப் பாதிக்கலாம். கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு படங்களைத் தரும் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியை, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் முறை கொண்ட மானிட்டர்களிலும் பயன்படுத்த 2019 ஜனவரியில் கார்டு தயாரிப்பாளரான என்விடியா வழிவிட்டபோது, டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் அது கிடைத்தது. எச்டிஎம்ஐ 2.0-இல் இணைத்துவிட்டு அந்த வசதியைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற எண்ணைக் கண்டதும் 48 கிகாபிட் என்று முடிவுகட்டுவதும் தவறு. அந்தத் தரத்தின் புதிய வசதிகள் பெரும்பாலும் கட்டாயமானவை அல்ல; பழைய 18 கிகாபிட் வேகத்திலேயே இயங்கும் போர்ட்டுக்கும் 2.1 என்று பெயரிட இடமுண்டு. நுகர்வோரைக் குழப்பவென்றே வகுத்த விதியோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மானிட்டரின் கையேட்டில் எந்த போர்ட்டில் எந்தத் தெளிவுக்கு (பிக்சல் எண்ணிக்கைக்கு) எத்தனை ஹெர்ட்ஸ் என்று அட்டவணை இருக்கும். நம்ப வேண்டியது அதைத்தான். கேபிள் மீது அச்சிட்ட 2.0, 2.1 என்ற எண்களையும் பொருட்படுத்த வேண்டாம். கேபிள்களை வேகத்தின் பெயரால்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள்: 18 கிகாபிட்டுக்கு பிரீமியம் ஹை ஸ்பீட், 48 கிகாபிட்டுக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட். சான்று பெற்ற கேபிளின் பெட்டியில், ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய லேபிள் ஒட்டியிருக்கும். தங்க முலாம் பூசியதால் படம் பளிச்சிடும் என்ற விளம்பரத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. டிஜிட்டல் சிக்னலில் நிறம் கூடுவதோ குறைவதோ முலாமால் நடப்பதில்லை. திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்துத் திரும்புவதும், சிறு புள்ளிகள் மின்னி மறைவதும்தான் கேபிள் திணறுவதன் அறிகுறிகள். நீளம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும் என்பதால், மேசைக்கு இரண்டு மீட்டர் போதுமென்றால் ஐந்து மீட்டர் வாங்க வேண்டாம்.

கேபிள் சரியாக இருந்தும் தவறான துளையில் செருகுவது மிகப் பழைய தவறு. சிபியு பெட்டியின் பின்னால், யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுக்கு உரியது. பெரும்பாலான பெட்டிகளில் அதற்குக் கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பவையே கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள். மேலே செருகினால், அரை லட்சம் கொடுத்து வாங்கிய கார்டின் போர்ட்டுகள் சும்மா கிடக்க, ப்ராசஸரோடு சேர்ந்து வந்த சிறிய கிராஃபிக்ஸிலேயே பெரும்பாலும் கேம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல்லின் எஃப் என்று முடியும் ப்ராசஸர்களில் அந்தச் சிறிய கிராஃபிக்ஸும் கிடையாது என்பதால் திரையில் எதுவுமே வராது. மானிட்டர் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இதைப் பார்த்துவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

அடாப்டர் விஷயத்தில் திசை முக்கியம். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கேபிள் அந்த ஒரு திசையில் மட்டுமே வேலை செய்யும். அதைத் திருப்பிப்போட்டு, எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள பிளேஸ்டேஷன் 5-ஐ மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைக்க முயன்றால் கறுப்புத் திரைதான் மிஞ்சும். அதற்கு மின்சாரம் பெற்று இயங்கும் தனி கன்வெர்ட்டர் வேண்டும். லேப்டாப்பின் யுஎஸ்பி-சி துளையும் இப்படியே: எல்லாத் துளைகளிலும் வீடியோ வராது, போனுக்குத் தந்த சார்ஜிங் கேபிள் பலவற்றில் வீடியோவுக்கான கம்பிகளே இல்லை.

மட்டமான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த இணைப்பின் இருபதாவது பின்னில் (உலோக முனையில்) 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கும். சாதாரண கேபிளில் அதை இணைக்கக் கூடாது என்பது தரவிதி. விதியை மீறித் தயாரித்த கேபிள்களில் மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் நுழைவதால், கணினி சில சமயம் ஆன் ஆகவே மறுக்கும். கேபிளைக் கழற்றினால் உடனே ஆன் ஆகும்.

கடைசியாக, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளின் தலையில் பெரும்பாலும் சிறிய கொக்கிகள் இருக்கும். மேலுள்ள பொத்தானை அழுத்தாமல் எச்டிஎம்ஐயைப் போல வெடுக்கென்று இழுத்தால், கார்டின் போர்ட் கேபிளோடு சேர்ந்து பிய்ந்துவரக்கூடும்.