பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியில் படைக்கும் முறை

ஆடி 18 அன்று காவிரிக்குப் படைப்பதெல்லாம் மசக்கைக்காரிக்குச் செய்கிற சீர். பயிரைச் சுமந்து வரும் காவிரித்தாய்க்கு இந்த மாதம் மசக்கை என்பது டெல்டாவின் நம்பிக்கை. வாய்க்குப் பிடித்த புளிப்பும் இனிப்பும், காதோலை (பனையோலைக் காதணி), கருகமணி (கறுப்பு மணி), வளையல் எல்லாம் அதனால்தான் படையலுக்கு வந்தன. இதை மனதில் வைத்தால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தானே விளங்கும். பலகாரம் குறைந்தாலும் பரவாயில்லை, காதோலை கருகமணியும் காப்பரிசியும் இல்லாத படையல் நிறையாது.

முளைப்பாரி வைப்பவர்கள் ஆடி 9 வாக்கிலேயே விதைக்க வேண்டும். நெல் மெதுவாக முளைக்கும். அதை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பயறுகளுக்கு இரண்டு நாள் முன்பே தூவுங்கள். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டி, அதில் வைக்கோல், மேலே வண்டல் மண்ணும் காய்ந்த சாணத்தூளும். இருட்டறையில் வைத்துக் காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதும். ஊற்றினால் மூன்றாம் நாளே அழுகல் வாடை வரும்.

காப்பரிசியில்தான் பலரும் தவறுகிறார்கள். இரண்டு ஆழாக்குப் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். அள்ளினால் கையில் ஒட்டாமல் உதிர வேண்டும். ஈரம் இருந்தால் வெல்லம் இளகிச் சேறாகி, மதியத்துக்குள் புளித்துவிடும். பிறகு ஒரு ஆழாக்கு பொடித்த வெல்லம், பல்லுப்பல்லாக நறுக்கிய கால் மூடித் தேங்காய், வறுத்த எள் இரண்டு ஸ்பூன், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, மூன்று ஏலக்காய். வெல்லத்தைக் கிளம்பும்போது கலப்பதே நல்லது.

புளிக்காய்ச்சலை எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். சாதம் ஆறிய பின் கிளறினால் குழையாது. தயிர்சாதத்துக்குச் சாதத்தைச் சூட்டோடு மசித்துப் பாலை ஊற்றி, வெதுவெதுப்பானதும் இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள். ஆற்றங்கரையில் இலை போடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும்.

படித்துறையில் ஓர் இடத்தை மெழுகிக் கோலமிட்டு, முதலில் மஞ்சள் பிள்ளையாருக்கு அறுகு. எந்தப் பூஜைக்கும் அவர்தான் முதல் என்றாலும் இங்கே அவருக்கு உரிமை கூடுதல்: காக்கையாக வந்து அகத்தியரின் கமண்டலத்தைக் கவிழ்த்துக் காவிரியை ஓடவிட்டவர் அவர் என்பது புராணம். அடுத்து ஆற்றுமண்ணில் அம்மனைப் பிடித்து, காதோலை கருகமணி சாத்தி, வாழையிலையில் சித்ரான்னங்களும் பழங்களும் படைத்துத் தீபாராதனை. வாழைமட்டையில் விளக்கேற்றி ஆற்றில் விடுங்கள். பிளாஸ்டிக் பையோடு எதையும் எறியாதீர்கள். கர்ப்பிணிக்குக் குப்பையைச் சீராகக் கொடுப்பது எப்படித் தகும்?

ஸ்ரீரங்கத்தில் அரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாளே அம்மா மண்டபப் படித்துறைக்கு எழுந்தருளிக் காவிரிக்குப் பட்டும் மாலையும் சீராகத் தருவார்.

பூஜை முடிந்ததும் தாலிச் சரடு மாற்றுவது. வெள்ளை நூலில் நல்ல மஞ்சளை முதல் நாளே பூசி உலர்த்திக்கொள்ளுங்கள்; சாயக் கயிறு வியர்வையில் அரிக்கும். முதலில் மஞ்சள் துண்டு கோத்த ஒரு கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதன் பிறகே பழைய சரட்டைக் கழற்றித் தாலியையும் குண்டுகளையும் புதுச்சரட்டில் கோக்க வேண்டும். மூத்த சுமங்கலி ஒருவர் கட்டிவிடுவது வழக்கம். இதைத் தண்ணீருக்குள் நின்று செய்யாதீர்கள். நழுவிய குண்டு மணலில் கிடைக்காது.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும் எல்லா ஆண்டும் அப்படி அமைவதில்லை. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். உபரிநீர் வரும் ஆண்டில் கடைசிப் படிகளில் பாசி வழுக்கும், இழுப்பும் கடுமை. குடத்தில் மொண்டு மேல்படியில் குளித்தால் போதும். ஆறு வறண்டிருந்தால் பம்புசெட்டிலோ வீட்டுக் கிணற்றடியிலோ செய்யலாம். ஒரு குடத்து நீரில் மஞ்சள் கரைத்துப் பூப்போட்டு அதையே காவிரியாக வைத்துப் படையுங்கள். பூஜை முடிந்ததும் அந்த நீரை நாற்றங்காலிலோ தோட்டத்திலோ ஊற்றிவிடலாம்.