நாய்க்குட்டியின் இடுப்பு மூட்டுச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் காவலுக்கு வளர்க்கும் ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், ராட்வைலர் குட்டிகளைப் பெரும்பாலும் நொண்ட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள். அதற்குள் மூட்டு தேய ஆரம்பித்திருக்கும். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் இறுக்கமாக உட்காராமல் ஆடுவதில்தான் ஹிப் டிஸ்பிளேசியா என்ற இடுப்பு மூட்டு நோய் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தை 16 வார வயதிலேயே கண்டுபிடிக்கலாம். அப்போதே தெரிந்தால், இடுப்பெலும்பின் அடிப்பக்க இணைப்பைச் சுட்டு அங்கே வளர்ச்சியை நிறுத்தும் சிறிய அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புண்டு. குட்டி வளர வளர குழி திரும்பி, தொடைத் தலையை நன்றாக மூடிக்கொள்ளும். 20 வாரம் தாண்டிவிட்டால் இதில் பெரிய பலன் இல்லை. ‘ஆறு மாசம் ஆகட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவி ஓடுவதும், படுத்து எழத் தயங்குவதும் சோம்பல் அல்ல, இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்த தவறு, மயக்க ஊசி போடாமல் குட்டியை அமுக்கிப் பிடித்து எக்ஸ்ரே எடுப்பது. பயத்தில் தசை இறுகும், ஆட்டம் மறைந்துவிடும். ஊசிக்கு முன் எத்தனை மணி நேரம் தீனி நிறுத்தலாம் என்று டாக்டரையே கேளுங்கள், சின்னக் குட்டி நீண்ட பட்டினி தாங்காது. படம் கைக்கு வந்ததும் நீங்களே பாருங்கள்: தொடை எலும்புகள் இரண்டும் இணையாக இருக்க வேண்டும், முழங்கால் சில்லு நடுவில் தெரிய வேண்டும், இடுப்பெலும்பின் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓர் ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் குட்டி சாய்ந்து படுத்திருக்கிறது. மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், கால்களை நீட்டி எடுத்த ஒரே படத்தை நம்பி நிம்மதி அடையக்கூடாது. காலை நீட்டும்போது மூட்டுறை முறுக்கிக்கொண்டு தொடைத் தலையைக் குழிக்குள் தள்ளிவிடும். மயக்கத்திலேயே கையால் அசைத்துப் பார்க்கும் ஆர்டொலானி சோதனையும் வேண்டும். மூட்டை விலக்கி அளக்கும் பென்ஹிப் முறைக்குத் தனிப் பயிற்சி தேவை. மண்ணுத்தி, உடுமலைப்பேட்டை கால்நடைக் கல்லூரிகளில் போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பென்ஹிப்பில் வரும் ஆட்டத்தின் அளவு 0.3க்கு மேல் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

எலும்பு பலப்படட்டும் என்று பப்பி தீனியோடு கால்சியம் பவுடர் கலப்பது கெடுதல். மிஞ்சும் கால்சியத்தைத் தள்ளிவிடக் குட்டியின் குடலுக்குத் தெரியாது, எலும்பு கோணலாகும். கொழுகொழுவென வளர்ப்பதும் அப்படித்தான். லாப்ரடார் உடன்பிறப்புகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகத் தீனி தின்றவற்றுக்கு இடுப்பு நோய் வெகுவாகக் குறைந்தது. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

இனப்பெருக்கத்துக்கு வைக்கும் நாய்க்கு இரண்டு வயதில் மீண்டும் எக்ஸ்ரே எடுங்கள். பெட்டை பருவத்தில் இருந்தால் ஒரு மாதம் கழித்து.