வாரத்துக்கு மூன்று ஓட்டங்களில் அரை மாரத்தான்: நேரம் குறைவாக உள்ளவர்களுக்கான செய்முறை விளக்கம்

பகல் முழுவதும் வேலை, காலையும் மாலையும் வீட்டுப் பொறுப்புகள், இவற்றுக்கிடையே ஓடுவதற்கு வாரத்தில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க இயலாதவர் 21.0975 கிலோமீட்டர் நீளமுள்ள அரை மாரத்தானை ஓடி முடிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே தயங்காமல் சொல்வேன். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாகத்தான் ஓட வேண்டும். கிடைப்பதே கொஞ்ச நேரம், அதை வீணாக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் மூச்சிரைக்க ஓடுவதால்தான் புதியவர்களில் பலர் பந்தய நாளுக்கு முன்பே காயப்பட்டு நின்றுவிடுகிறார்கள்.

ஜப்பானின் யூக்கி கவாவுச்சி, மாகாண அரசில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே, 2018ஆம் ஆண்டின் பாஸ்டன் மாரத்தானில் குளிர்மழைக்கு நடுவே 2 மணி 15 நிமிடம் 58 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். அவருடைய உடல்திறன் நம்மில் பெரும்பாலோருக்கு வாய்க்காது. ஆயினும், வேலைக்குப் போகிறவர் தம்முடைய நேரத்துக்கு ஏற்பப் பயிற்சியை வகுத்துக்கொண்டால் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தல்

நிற்காமல் 30 நிமிடம் மெதுவாக ஓட முடிகிறவர் 12 வாரம் தள்ளி நடைபெறும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாம். அந்த நிலையை இன்னும் எட்டாதவர்கள், 2 நிமிட ஓட்டத்தையும் 1 நிமிட நடையையும் மாற்றி மாற்றிச் செய்து சில வாரங்களில் அதை எட்டிவிட்டு, அதன் பிறகு நாள் குறிப்பது நல்லது. முழு மாரத்தானை, அதாவது 42.195 கிலோமீட்டரை, முதல் இலக்காக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து; அதற்குத் தேவையான நீண்ட ஓட்டங்கள் மூன்று மணி நேரம்வரை நீளும் என்பதால், நேரம் இல்லாதவருக்கு அது பெருஞ்சுமையாகிவிடும். இதய நோய், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று ஓட்டங்களுக்கு மூன்று வேலைகள்

வாரத்தில் மூன்று நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவற்றுக்கிடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும். முதல் நாள் 40 நிமிட மெதுவோட்டம், இரண்டாம் நாள் 45 நிமிடத்தில் சிறிது வேகம் கலந்த ஓட்டம், விடுமுறை நாளில் நீண்ட ஓட்டம்.

இவற்றில் மெதுவோட்டம்தான் எளிதாகத் தோன்றி அதிகம் பிழைபடுவது. சரியான வேகத்தில் ஓடுகிறீர்களா என்பதை அறியக் கைக்கடிகாரம் தேவையில்லை, வாயே போதும். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியை முழுவதுமாக உரக்கச் சொல்லிப் பாருங்கள்: கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எல்லாம் இடையில் மூச்சு வாங்காமல் ஓரிரு வாக்கியங்களாக வந்தால் வேகம் சரி, தெருப் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் நடுவில் மூச்சை இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். மேட்டில் ஏறும்போது இந்தச் சோதனையில் தோற்பீர்களானால், வெட்கப்படாமல் நடந்து ஏறுங்கள். இந்த மெதுவான வேகத்தில்தான் தசைகளுக்குள் நுண்ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் திறன் வளர்கிறது. அடுத்த ஓட்டத்துக்குக் கால்கள் களைப்பின்றி மீள்வதும் இதனால்தான்.

வேகம் கலந்த ஓட்டத்தை முதல் மூன்று வாரங்களில் மெதுவோட்டமாகவே ஓடுங்கள். நான்காம் வாரத்திலிருந்து, 10 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிக்கொண்டு, 5 நிமிடம் சற்றுக் கடினமாகவும் 2 நிமிடம் மெதுவாகவும் மூன்று முறை ஓடி, மீதி நேரத்தை மெதுவாகவே முடிக்க வேண்டும். சற்றுக் கடினமாக என்றால் நான்கைந்து சொற்கள் மட்டும் பேச முடிகிற வேகம். மூச்சுத் திணறும் வேகம் தேவையே இல்லை. பத்தாம் வாரத்துக்குள் அந்தக் கடினமான பகுதி தொடர்ந்து 20 நிமிடமாக வளர்ந்தால் போதுமானது.

மூன்றாம் படி: நீண்ட ஓட்டத்தை வளர்த்தல்

நீண்ட ஓட்டத்தின் தொலைவை முதல் வாரத்திலிருந்து இப்படி வைத்துக்கொள்ளலாம்: 6, 7, 8, 6, 10, 11, 13, 10, 15, 17, 12 கிலோமீட்டர். பன்னிரண்டாம் வாரத்தில் பந்தயம். நான்காம், எட்டாம் வாரங்களில் தொலைவு குறைவதைக் கவனியுங்கள். உடல் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுப்பவருக்கு 17 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 2 மணி 8 நிமிடம் ஆகும். எனவே ஆகக் கடினமான வாரத்திலும் மொத்த ஓட்ட நேரம் மூன்றரை மணியைச் சில நிமிடங்களே தாண்டும்.

இந்த வரிசையை அவசரப்படுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இலகுவாக இருக்கிறதே என்ற துணிவில், என் முதல் பயிற்சிக் காலத்தில் ஒரே வாரத்தில் 10 கிலோமீட்டரிலிருந்து 16 கிலோமீட்டருக்குத் தாவினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது, முன்னங்காலின் உட்புற எலும்பு ஓரமாக விரல் வைத்த இடமெல்லாம் வலித்தது. மூன்று வாரம் ஓடவே முடியவில்லை.

நாள் தவறினால் என்ன செய்வது என்பதும் இங்கேயே சொல்லத் தக்கது, ஏனெனில் நேரம் குறைந்தவர்களுக்கு நாள் தவறத்தான் செய்யும். தவறிய ஓட்டத்தை அடுத்த நாளின் ஓட்டத்தோடு சேர்த்து ஈடுகட்டாதீர்கள், விட்டுவிடுங்கள். வாரத்தில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் கிடைக்குமானால் நீண்ட ஓட்டத்தை ஓடுங்கள்; இரண்டுக்குக் கிடைத்தால் அதனுடன் வேகம் கலந்த ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலால் இரண்டு வாரம் போய்விட்டால், நிறுத்திய இடத்துக்கு இரண்டு வாரம் முன்னிருந்து தொடங்குங்கள்.

நான்காம் படி: கால்களை வலுப்படுத்துதல்

ஓடாத நாட்களில் இரண்டு முறை, பத்து நிமிடம் போதும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரு கால்களாலும் உயர்ந்து, ஒரு காலால் மட்டும் மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 12 முறை. கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் இதைவிடச் சிக்கனமான பயிற்சியை நான் கண்டதில்லை. இதனுடன் நாற்காலியில் உட்கார்ந்தெழுவது போன்ற குந்துப் பயிற்சியைச் சேர்த்தால் தொடைகளும் பலம் பெறும்.

ஐந்தாம் படி: உணவும் நீரும்

ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஓட்டங்களுக்கு வழக்கமான உணவே போதும். அதற்கு மேல் நீளும் ஓட்டங்களில், தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பு குறைந்துகொண்டே வருவதால், மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஓட்டக்காரர்களுக்கான இனிப்புக் கூழாக (ஜெல்) இருந்தாலும் பழமாக இருந்தாலும், பந்தய நாளில் உண்ணப்போவதை நீண்ட ஓட்டங்களில் முன்பே உண்டு வயிற்றைப் பழக்கியிருப்பது அவசியம். நீரைத் தாகத்துக்கேற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆறாம் படி: கடைசி வாரமும் பந்தய நாளும்

பந்தய வாரத்தில் 30 நிமிட ஓட்டம் ஒன்றும், 20 நிமிட ஓட்டம் ஒன்றும் மட்டும் ஓடி, மிச்ச நேரத்தை உறக்கத்துக்குக் கொடுங்கள். அந்த வாரத்தில் புதிய காலணி வாங்க வேண்டாம்.

தொடக்கக் கோட்டில் கூட்டத்தின் ஆரவாரம் உங்களை முன்னே தள்ளும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று திட்டமிட்டவர் 2 மணி 28 நிமிடத்தில் முடிப்பார். அவரே முதல் மூன்று கிலோமீட்டரை ஆறரை நிமிட வேகத்தில் ஓடினால் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். அதன் விளைவாகக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் தளர்ந்தால் ஐந்து நிமிடம் போய்விடும். ஆகவே முதல் மூன்று கிலோமீட்டரில் முகவரிச் சோதனையைச் செய்துகொண்டே ஓடுங்கள், பதினாறாம் கிலோமீட்டர்வரை அளவோடு செல்லுங்கள், அதன் பிறகு உடலில் மிச்சமிருப்பதைச் செலவிடுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்று மருத்துவ உதவியைக் கேளுங்கள். நொண்டும் அளவுக்குக் கால் வலித்தாலும் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடமாவது நடங்கள். அடுத்த சில நாட்களுக்கு நடை மட்டும் போதும். படியிறங்கும்போது தொடை வலிக்காத நாள் வந்ததும், 20 நிமிட மெதுவோட்டத்துக்குக் காலணியை மாட்டிக்கொள்ளலாம்.