வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை: நம்பகமான கிட்டை வாங்கிச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

மாதவிலக்கு தள்ளிப்போனதும், வீட்டில் யாரிடமும் சொல்வதற்கு முன் தானே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பது இயல்பு. மருந்துக் கடையில் நிற்கும் எங்களிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கம்பெனி கிட் நல்லது?" என்பதாகவே இருக்கும். கம்பெனியின் பெயரைக் காட்டிலும், சோதிக்கும் நாள், உறையின் நிலை, கோடுகளைப் பார்க்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் முடிவை நம்பலாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கடைக்குக் கிளம்புவதற்கு முன் நாட்காட்டியிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: நாளைக் கணக்கிடுங்கள்

கரு கருப்பையின் உட்சுவரில் பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் முதலில் இரத்தத்திலும் பின்னர் சிறுநீரிலும் தென்படத் தொடங்குகிறது. கருமுட்டை வெளியானதிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 12 நாட்களுக்குள் இந்தப் பதிதல் நிகழ்கிறது. அதன்பின் தொடக்க வாரங்களில் ஹார்மோனின் அளவு 2 அல்லது 3 நாட்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. திங்கட்கிழமை ஒற்றைக் கோடு (கர்ப்பம் இல்லை) கண்டவர் வெள்ளிக்கிழமை இரட்டைக் கோடு (கர்ப்பம்) காண்பது இதனால்தான். முதல் கிட் பழுது என்று பொருளல்ல. மாதவிலக்கு வரவேண்டிய நாள் கடந்த பிறகு சோதியுங்கள். இன்னும் ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் முடிவு மேலும் உறுதியாக இருக்கும். நீர்க்கட்டி போன்ற காரணங்களால் மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், கடைசியாக உறவுகொண்ட நாளிலிருந்து 21 நாட்கள் கழித்துச் சோதிப்பது நல்லது.

இரண்டாம் படி: உறையைப் படித்து வாங்குங்கள்

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, சொட்டுக்குழாயுடன் வரும் கார்டு வகை. சிறுநீர் கழிக்கும்போதே நேராகப் பிடித்துச் சோதிக்கும் குச்சி வகையும், எழுத்தில் முடிவைக் காட்டும் டிஜிட்டல் வகையும் விலை கூடுதலானவை. அவற்றுக்குள்ளும் இதே ஹார்மோனைக் கண்டறியும் பட்டைதான் இருக்கிறது என்பதால், வசதிக்காக வாங்கலாமே தவிர, விலை கூடினால் உண்மையும் கூடும் என்று எண்ண வேண்டாம்.

உறையில் 25 என்றோ 10 என்றோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கலாம். ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் எத்தனை மில்லி யூனிட் ஹார்மோன் இருந்தால் கிட் கண்டுபிடிக்கும் என்பதே அந்த எண். எண் குறையக் குறைய கிட் நுட்பமானது. நாள் தள்ளி ஒரு வாரம் ஆனவருக்கு 25 போதும். "99 சதவீதம் துல்லியம்" என்ற வாசகத்தை, நாள் தள்ளுவதற்கு முன்பே சோதிப்பவர் தமக்கானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலாவதித் தேதியைப் பாருங்கள். உறை கிழிந்தோ காற்று புகுந்தோ இருந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலான கிட்களை 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். நம் சித்திரை வெயிலில் வண்டியின் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த கிட்டை நான் நம்பமாட்டேன். கருமுட்டை வெளியாகும் நாளைக் கணிக்கும் கிட்டும் இதே தோற்றத்தில் அடுத்த தட்டில் இருக்கும். அது வேறொரு ஹார்மோனைப் பார்ப்பது என்பதால், பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு வாங்குங்கள். மறுசோதனைக்கும் சேர்த்து இரண்டாக வாங்குவதே என் பரிந்துரை.

மூன்றாம் படி: சோதியுங்கள்

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் ஹார்மோன் செறிவாக இருக்கும். சுத்தமான, சோப்பு ஒட்டாத, உலர்ந்த கிண்ணத்தில் அதைப் பிடியுங்கள். உறையை அப்போதுதான் பிரித்து, கார்டைச் சமதளத்தில் வைத்து, குறிப்புத்தாளில் சொல்லியுள்ளபடி 2 அல்லது 3 சொட்டுகளை மட்டும் குழியில் விடுங்கள். இரவு முழுவதும் விழித்திருந்து நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால், சிறுநீர் நீர்த்துப்போய்விடும்; உண்மையில் கர்ப்பம் இருந்தாலும் இல்லை என்று கிட் காட்டிவிடக்கூடும்.

நான்காம் படி: கோடுகளைப் படியுங்கள்

பெரும்பாலான கிட்களில் 5 நிமிடத்தில் முடிவு தெரியும். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' என்ற இடத்தில் கோடு விழவில்லை என்றால், கர்ப்பத்தைக் காட்டும் 'டி'யில் என்ன தெரிந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. இரண்டு இடத்திலும் கோடு விழுந்து, 'டி' கோடு மங்கலாக இருந்தாலும் அதற்கு நிறம் இருந்தால் அநேகமாகக் கர்ப்பமே. 2, 3 நாட்கள் கழித்து மற்றொரு கிட்டால் உறுதிசெய்யுங்கள். குறித்த நேரத்தைத் தாண்டி, கார்டு காய்ந்த பிறகு சாம்பல் நிறத்தில் தெரியும் கோட்டுக்குப் பொருள் இல்லை. குப்பையிலிருந்து கார்டை எடுத்து மீண்டும் பார்த்து மனம் கலங்குபவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சர்க்கரை, உப்பு, பற்பசை ஆகியவற்றில் சிறுநீரை ஊற்றி நுரை பார்க்கும் முறைகள் எச்.சி.ஜி.யைக் கண்டறிவதில்லை. கருத்தடை மாத்திரையோ காய்ச்சல் மாத்திரையோ முடிவை மாற்றாது. ஆனால் குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை தவறாக இரட்டைக் கோடு வரலாம் என்பதால், அவர்கள் மருத்துவர் சொல்லும் நாளில்தான் சோதிக்க வேண்டும்.

ஒற்றைக் கோடுதான் வந்தது, ஒரு வாரம் கழித்தும் மாதவிலக்கு வரவில்லை என்றால், மறுசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும். இரட்டைக் கோடு வந்தவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதை எந்தக் கிட்டும் காட்டாது. அது கருக்குழாயில் வளர்ந்தாலும் கோடு இரண்டுதான். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தக் கசிவு, தோள்பட்டை வலி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாதவர்கள் அந்த வாரத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று கர்ப்பத்தை உறுதிசெய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவுசெய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணையும் பெற்றுக்கொள்ளுங்கள்.