இறால் வறுத்த எண்ணெயில் பஜ்ஜி வேண்டாம்

மாலையானால் எங்கள் ராயபுரத்தில் வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி காயும். காசிமேட்டு இறாலை வறுத்த எண்ணெயிலேயே பஜ்ஜி போட்டால், இறால் ஒவ்வாத பிள்ளைக்கு அந்த பஜ்ஜியும் ஆகாது. இறாலின் புரதம் எண்ணெயில் தங்கிவிடும். ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று அதன் தாயிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். விருந்துக்கு அழைத்தால், ‘என்ன சமைக்கட்டும், அக்கா?’ என்று முதல் நாளே கேளுங்கள். பாக்கெட் உறைகளைத் தூக்கி எறியாமல் அவரிடமே கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறுக்கு உறையை இருமுறை படித்துவிட்டு, மகனிடம் ‘சாப்பிடு’ என்றபோது அவர் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை. கரண்டிகள் கலப்பதற்கு முன், அந்தப் பிள்ளைக்கே முதலில் பரிமாறுங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால், மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசியை உடனே போடச் சொல்லி, 108ஐ அழையுங்கள்.