ஆசிரியர் கூடுகை நடத்துவது எப்படி? ஏழு நிமிடம், ஒரே மடிக்கணினி

எங்கள் முதல் கூடுகையில் பத்து ஆசிரியர்கள் பேசுவதாக இருந்தது. ஆறு பேர்தான் பேசினார்கள். ஆள் மாறும்போதெல்லாம் மடிக்கணினியைக் கழற்றி மாட்டவே நான்கைந்து நிமிடங்கள் போயின. பேசாமல் திரும்பிய நால்வரில் ஒருவர், சக ஆசிரியர்கள் முன் முதன்முறையாகப் பேச வந்தவர். அது என்னை மிகவும் உறுத்தியது. அடுத்த முறை பத்துப் பேரும் பேசினார்கள். என்ன மாற்றினோம் என்பதை இங்கே சொல்கிறேன்.

வடிவம் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 2006இல் எடின்பரோவில் தொடங்கிய ‘டீச்மீட்’ முறைதான்; ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு அனுபவத்தைச் சக ஆசிரியர்களுடன் சுருக்கமாகப் பகிரும் கூடுகை அது. ஒருவருக்கு 7 நிமிடம் அல்லது 2 நிமிடம். தலைமையுரை, பொருள் விற்கும் பேச்சு எதுவும் கிடையாது. 2010இல் பிலடெல்பியாவில் பிறந்த ‘எட்கேம்ப்’ என்னும் ஆசிரியர் கூடுகை முறையில், கூடுகை நடக்கும் அன்று காலையில்தான் தலைப்புகளைப் பலகையில் எழுதுவார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் முதன்முறை நடத்துபவர்களுக்கு டீச்மீட்டையே பரிந்துரைப்பேன். நேரம் கைக்குள் நிற்கும்.

படி 1: அழைப்பு

ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: “உங்கள் வகுப்பில் நீங்களே செய்து பார்த்ததை மட்டும் பேசுங்கள்.” கேள்விப்பட்ட செயலிகளின் பட்டியல் யாருக்கும் பயன்படாது.

படி 2: கோப்புகளை முன்பே வாங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். இரண்டு நாள் முன்பே எல்லாக் கோப்புகளையும் வாங்கி, ஒரே மடிக்கணினியில், பேசுபவர் பெயரிலேயே சேமித்துவிடுங்கள். “என் கணினியிலேயே காட்டுகிறேன்” என்பவரிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். யுஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் திரைக்குப் போகும் என்று நம்பியிருந்தேன். சில கணினிகளில் அந்தத் துளை மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டுமே.

கோப்பு பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்துருவும் கூடவே வந்துவிடும். வீடியோ அதில் ஓடாது என்பதால் தனிக் கோப்பாக வாங்குங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அறை நிறைய ஆட்கள் ஒரே வைஃபையில் இருக்கும்போது அது திணறும்.

அடுத்தது ஒலி. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் கணினி பெரும்பாலும் ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். ஸ்பீக்கர் ஊமையாக நிற்கும். விண்டோஸில் கீழ் மூலையில் உள்ள ஒலிக்குறியைச் சொடுக்கி, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். திரையே வரவில்லையென்றால் விண்டோஸ் விசையுடன் ‘பி’யை அழுத்தி, இரண்டிலும் ஒரே காட்சி வரும்படி மாற்றுங்கள். ஆட்கள் வருவதற்கு முன் ஒரு வீடியோவையாவது ஓட்டிப் பாருங்கள்.

படி 3: கடிகாரம்

பேசுபவர் கண்ணில் படும்படி ஒரு கைபேசியில் நேரம் இறங்கிக்கொண்டே இருக்கட்டும். இதற்கென்று தனிச் செயலி வேண்டாம். கைபேசியில் ஏற்கெனவே இருக்கும் டைமரே எனக்குப் பிடித்தது.

படி 4: சீட்டுக் குலுக்கல்

ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பெயரைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுங்கள். அடுத்தது தன் பெயராக இருக்கலாம் என்பதால் எல்லோரும் கடைசிவரை இருப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் 2 நிமிடமே கேட்டால், மனமாரக் கொடுங்கள்.

ஏழு நிமிடம் போதுமா என்று கேட்பவர்களுக்காக: கணித ஆசிரியை ஒருவர் எங்களிடம் ஆளுக்கொரு பிளிக்கர்ஸ் அட்டையை (கேமரா படிக்கக்கூடிய குறியீடும், நான்கு பக்கமும் ஒவ்வொரு விடை எழுத்தும் கொண்ட அட்டை) கொடுத்தார். “மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது?” என்று கேட்டார். நாங்கள் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தோம். அவர் தன் கைபேசிக் கேமராவை ஒருமுறை அறை முழுவதும் சுழற்றினார். யார் என்ன விடை சொன்னார் என்பது திரையில் வந்துவிட்டது. மாணவரிடம் எந்தக் கருவியும் தேவையில்லை. அவர் முடித்தபோது இன்னும் ஒரு நிமிடம் மீதி இருந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்துத் தங்கள் ஊரில் கூடுகை நடத்திய ஒருவர் எழுதியிருந்தார். அங்கே ஒரு ஆசிரியர் செயலியில் தன் வகுப்பின் உண்மையான பக்கத்தைத் திறந்ததும், மாணவர் பெயர்களும் மதிப்பெண்களும் பெரிய திரையில் வந்துவிட்டனவாம். நான் இதை யோசிக்கவே இல்லை. இப்போது அழைப்பிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரி வகுப்பு ஒன்றை உருவாக்கி, அதை மட்டும் காட்டுங்கள். கோப்புகள் வந்ததும், திரைப்பிடிப்புப் படங்களில் பெயர் தெரிகிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிடுகிறேன்.